முதல்ல குதிக்கால், பேந்துதான் லேஸ்

கல்கரி
கார்த்திகை, முதல் ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார்சலுக்குள்ள மெரினோ கம்பளிச் சொக்ஸ் ரெண்டு சோடி வச்சிருக்கிறன். அதுக்குத் துணையாத்தான் இந்தக் கடிதம். ஸ்னோபோர்ட் சப்பாத்தைப் பற்றி நீ கேட்டதுக்கு போனிலயே பதில் சொல்லியிருக்கலாம். நீ வேலைக்கு வெளிக்கிடுற அவசரத்தில, "அக்கா, டயலோ லேஸோ, ஒரு சொல்லில சொல்லு" எண்டு நிண்டாய். ஒரு சொல்லில முடியிற கதையில்லை இது.

முதல்ல, நீ படம் அனுப்பின உந்தக் கறுப்புச் சப்பாத்தை வாங்காதை. நாற்பது வீதக் கழிவு எண்டு கண்டதும் உனக்குக் கை துருதுருக்கும், எனக்குத் தெரியும். அது கூடாத சப்பாத்து எண்டு நான் சொல்லயில்லை. ஒற்றை டயல், நல்ல கொம்பனி, வடிவான சாமான். ஆனா உன்ர காலுக்குச் சரிவராது.

உன்ர கால் முன்பக்கம் அகலம், குதிக்கால் ஒடுக்கம். அம்மாவின்ர காலை அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு. வெறுங்காலோடயும் செருப்போடயும் வளர்ந்த கால் முன்னுக்கு விரிஞ்சுதான் இருக்கும். இங்க கடையில அடுக்கியிருக்கிற சப்பாத்து முக்கால்வாசியும் அந்தக் காலை நினைச்சுச் செய்ததில்லை. அதுக்கு மேல உன்ர விரல் வருத்தம் வேற. குளிர் பட்டவுடன கைவிரலும் கால்விரலும் வெள்ளையாகி விறைக்கிற உனக்கு, சப்பாத்து எண்டது சும்மா பாசன் விசயமில்லை. ரத்தோட்டம் தடைப்படாமல் இருக்க வேணும், கிளவுஸைக் கழட்டாமல் போட்டுக் கழட்டவும் வேணும். இந்த ரெண்டையும் வச்சுத்தான் மிச்சமெல்லாம் சொல்லுறன்.

ஸ்னோபோர்ட் சப்பாத்தில பாக்க வேண்டிய முதல் இடம் குதிக்கால். விரல்பக்க விளிம்பில சாய்ஞ்சு திரும்பேக்க உன்ர குதி மேல எழும்பப் பாக்கும். சப்பாத்துக்குள்ள அது எழும்பினா, நீ குடுக்கிற அமத்தம் பலகைக்குப் போய்ச் சேராமல் இடையிலயே நிண்டுபோகும். பலகை சொல் கேக்காது. அப்ப ஆக்கள் என்ன செய்யினம்? விரலை மடக்கிச் சப்பாத்தின்ர அடியைப் பிடிக்கப் பாப்பினம். அதுக்கும் சரிவரயில்லையெண்டா இன்னும் இறுக்குவினம். இறுக்க இறுக்கப் பாதத்தின்ர மேற்பக்கம் நசியும், அதுக்குக் கீழால போற ரத்தம் குறையும், கால் விறைக்கும். "எனக்குக் குளிர் ஒத்துவராது" எண்டு சொல்லிப் பலகையை வித்துப்போட்டுப் போன எத்தினை பேரை நான் கண்டிருக்கிறன். கனபேருக்கு குளிரில்லைப் பிரச்சினை, இளக்கமான குதிதான்.

அதால கடைக்குப் போக முதல் வீட்டில காலை அள. காலமையில அளக்காதை. நாள் முழுக்க வார்ட்டில நிண்டு வாற உன்ர கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப அளக்கிறதுதான் சரி. ஒரு கடதாசியை நிலத்தில வச்சு, குதிக்காலைச் சுவரோட ஒட்டி நிண்டு, நெடிய விரல் முடியிற இடத்தில கோடு போடு. நீயே குனிஞ்சு போடாதை, குனிஞ்சா பாரம் மாறும். மூத்தவனைப் போடச் சொல்லு. ரெண்டு காலையும் அளந்து பெரியதை எடு. அந்தச் சென்ரிமீற்றர் கணக்குத்தான் மொண்டோ அளவு எண்டு சப்பாத்தின்ர உள்நாக்கில போட்டிருக்கிறது. 24 சென்ரிமீற்றர் எண்டா மொண்டோ 24, பெண்களின்ர அமெரிக்க அளவில கிட்டத்தட்ட 7. அதே கடதாசியில முன்பாதத்தின்ர அகலத்தையும் குறிச்சுக்கொண்டு போ. நீ வேலைக்குப் போடுற ஓடுற சப்பாத்தின்ர அளவை மறந்துபோ. அதை நம்பி வாங்கினா அனேகமாப் பெரிசாத்தான் வரும்.

கடையில போட்டுப் பாக்கேக்க, நிமிர்ந்து நிண்டா பெருவிரல் நுனியில மெல்ல முட்ட வேணும். முட்டுது எண்டு பயப்பிடாதை. முழங்காலை மடக்கிச் சறுக்கிற மாதிரிக் குந்தினா குதி பின்னுக்குப் போய் விரல் விலகும். அப்பவும் முட்டினா அது சின்னன். பேந்து கடைக்காரப் பெடியனிட்டச் சொல்லி சப்பாத்தின்ர முன்பக்கத்தை நிலத்தோட அமத்திப் பிடிக்கச் சொல்லு. நீ குதிக்காலை மட்டும் உயர்த்திப் பார். குதி உள்ளுக்கு வழுக்கி மேல வந்தா, எவ்வளவு கழிவெண்டாலும் கழட்டி வச்சிட்டு வா. ஒரு அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு கடைக்குள்ள நட. புதுசில கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்க வேணும், ஏனெண்டா உள்ள இருக்கிற நுரை பாவிக்கப் பாவிக்க அமர்ந்து இடம் விடும். கடையில "ஆகா, செருப்பு மாதிரிச் சுகம்" எண்டு தோன்றினா அது மாசிக்குள்ள தொளதொளத்துப் போகும். ஆனா அகலப்பாட்டில நோகிறது வேற விசயம். அது பாவிக்கப் பழகும் எண்டு ஆர் சொன்னாலும் நம்பாதை. அகலமான மொடல் செய்யிற கொம்பனிகள் இருக்கு, கேட்டு வாங்கு. பெண்களுக்குச் செய்யிற சப்பாத்தில குதிப் பக்கம் ஒடுக்கமாயும் கெண்டைக்கால் பக்கம் பதிவாயும் இருக்கும், அது உனக்கு நல்லம்.

இனி நீ கேட்ட விசயத்துக்கு வாறன்.

உனக்குத் தெரியுமோ, எண்பதுகளில இந்தச் சனம் சறுக்கத் தொடங்கேக்க இதுக்கெண்டு தனிச் சப்பாத்தே ஒழுங்கா இல்லை. கனபேர் சோரல் பனிச்சப்பாத்தைத்தான் போட்டவை. உங்கட ஒன்ராறியோவில, கிச்சினரில இருந்த கோஃப்மன் தொழிற்சாலையில செய்த அதே சோரல். சிலர் அதுக்குள்ள ஸ்கீ சப்பாத்தின்ர உள்ளுறையை எடுத்து வச்சவை. லேஸைத் தவிர வேற கதையே அப்ப இல்லை. 2001இலதான் போவா எண்ட டயல் வந்தது. கொலராடோவில ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் எண்ட மலையூரில இருந்த கரி ஹமர்ஸ்லாக் எண்டவர் கண்டுபிடிச்சது. வான்ஸும் கே-டூவும்தான் அதை முதல் முதல் ஸ்னோபோர்ட் சப்பாத்தில பூட்டின கொம்பனிகள். டயலை உள்ளுக்கு அமத்தித் திருப்பினா மெல்லிய உருக்குக் கம்பி உள்ளுக்கிருக்கிற சில்லில சுத்துப்படும், கிளிக் கிளிக் எண்டு பல்லில விழுந்து நிக்கும். வெளியால இழுத்தா ஒரேயடியாக் கழண்டுபோகும். கிளவுஸோட செய்யலாம். உன்னை மாதிரி ஆக்களுக்கு இது பெரிய உபகாரம்.

அப்ப ஒற்றை டயல் ஏன் வேண்டாம் எண்டுறன்? அந்தக் கம்பி சரியான வழுக்கல். அது போற வழியெல்லாம் உராய்வு இல்லாமல் ஓடவேணும் எண்டே செய்தது. உள்பாவாடை நாடாவை ஒரு பக்கம் இழுத்தா சுருக்கம் எல்லா இடமும் ஓடிச் சமனாகும் பார், அதே கணக்குத்தான். கணுக்காலை மட்டும் இறுக்க உன்னால ஏலாது. குதி அசையாமல் நிக்கிற அளவுக்குத் திருப்பி முடிக்கேக்க உன்ர அகலமான முன்பாதம் நசிஞ்சிருக்கும். முன்பாதத்துக்குச் சுகமா விட்டா குதி ஆடும். ஒரே அளவில ஒடுங்கின கால் உள்ளவைக்கு ஒற்றை டயல் அருமையான சாமான், அத்தானும் அதைத்தான் போடுறார், பத்துச் செக்கன்ல போட்டிட்டு என்ர தலைக்கு மேல நிண்டு மணிக்கூட்டைப் பாப்பார்.

உனக்கு நான் சொல்லுறது ரெட்டை டயல். அதிலயும் ரெண்டு விதம் இருக்கு, கடையில வடிவாக் கேள். ஒண்டு, ஒரு டயல் பாதத்துக்கு, மற்றது கணுக்காலுக்கு மேல. ரெண்டாவது விதத்தில ஒரு டயல் வெளிச்சப்பாத்து முழுக்க இறுக்கும், மற்றது உள்ளுக்கு லைனர் எண்ட உள்ளுறையைச் சுத்தி இருக்கிற ஒரு பட்டியை இழுத்துக் கணுக்காலைப் பின்னுக்குத் தள்ளிக் குதியைக் குழியில இருத்தும். உன்ர காலுக்கு இந்த ரெண்டாவது விதம் சரியாப் பொருந்தும் எண்டு நினைக்கிறன். உள்பட்டி குதியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா வெளியில நீ தாராளமா விடலாம், விரலுக்கு இடமிருக்கும், ரத்தம் ஓடும். ஐம்பது நூறு டொலர் கூடப் போகும். போகட்டும். அந்தக் காசைப் பலகையில மிச்சம் பிடி, முதல் வருசம் வாடகைப் பலகையே போதும்.

இழுக்கிற கயிறு எண்டு இன்னொண்டு இருக்கு. பேர்ட்டன்காரர் ஸ்பீட் ஸோன் எண்டு விக்கினம், சலமனும் தன்ர விதமா ஒண்டு செய்யிது. சப்பாத்தின்ர மேல் விளிம்பில கைபிடி தொங்கும். பேர்ட்டனில ஒண்டை இழுத்தா கீழ்ப்பாதி இறுகும், மற்றதை இழுத்தா மேல்பாதி. இழுத்ததைப் பூட்டுக்குள்ள கொளுவி மிச்சக் கயிற்றைச் சுருட்டி ஒரு சின்னப் பையுக்குள்ள சொருகலாம். கீழும் மேலும் வேற வேறயா இறுக்கலாம் எண்டபடியா இதுவும் உன்ர காலுக்குப் பிழையில்லை. விலையும் பல நேரம் ரெட்டை டயலைவிடக் குறைவு. என்ர தயக்கம் ஒண்டுதான். நல்லா இறுகவேணுமெண்டா கையில பலம் வேணும், மெல்லிய கைபிடியைப் பிடிச்சு மேல இழுக்க வேணும். விறைச்ச விரலால அது கஷ்டம். ரெட்டை டயல் உன்ர அளவில கிடைக்காட்டி இதைப் பார்.

பழைய லேஸைத்தான் நான் போடுறன், உனக்குத் தெரியும். நீ கேக்கப்போற கேள்வியும் தெரியும். ஒவ்வொரு கொளுக்கியிலயும் லேஸ் உராய்ஞ்சு நிக்கும், அதால ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு இறுக்கம் வைக்கலாம். கணுக்கால் மடியிற இடத்தில ரெண்டு லேஸையும் ஒண்டைச் சுத்தி ஒண்டு ரெண்டு தரம் முறுக்கிப்போட்டு இழுத்தா அதிலயே பிடிச்சு நிக்கும், கீழ இருக்கிற இளக்கம் மேல போகாது, மேல இருக்கிற இறுக்கம் கீழ வராது. வேற எதிலயும் இவ்வளவு நுணுக்கம் இல்லை. அறுந்தாலும் பையில இருக்கிற வேற லேஸைப் போட்டிட்டுப் போகலாம். எங்களோட சறுக்க வாற ஒருத்தர் சன்சைன் சறுக்குமலையில மேல ஏறி நிக்கேக்க டயல் கம்பி அறுந்து, கெண்டைக்காலைச் சுத்தி டேப் ஒட்டிக்கொண்டு கொண்டோலாவில இறங்கி வந்தவர். போவா கொம்பனி சப்பாத்தின்ர ஆயுசுக்கும் டயலுக்கும் கம்பிக்கும் உத்தரவாதம் குடுக்குது, மாத்துற சாமானை அனுப்பிவிடும், அது உண்மை. ஆனா மலையுச்சியில நிக்கேக்க உத்தரவாதத்தை வச்சு என்ன செய்யிறது? நீ டயல் வாங்கினா மாத்துக் கம்பி ஒண்டை முதலே எடுத்து வை, வீட்டில இருந்து ஒருக்கா மாத்திப் பழகு.

இவ்வளவும் சொல்லிப்போட்டு உனக்கு லேஸ் வேண்டாம் எண்டுறதுக்குக் காரணம் உன்ர விரல்தான். இங்க மைனஸ் இருபதில கார்த் தரிப்பிடத்தில நிண்டு கிளவுஸைக் கழட்டி முடிச்சுப் போடுறது சுகதேகிக்கே தண்டனை. முடிச்சு ஐஸ் பிடிச்சா பின்னேரம் அவிழ்க்கிறது அதைவிட மோசம். நீ அந்தப் பக்கமே போகாதை. முன்னுக்கு லேஸும் பக்கத்தில ஒரு டயலும் வச்ச கலப்பு மொடலைக் கடைக்காரர் காட்டுவினம். அது எனக்கு நல்லது, உனக்கில்லை.

கனக்கச் சப்பாத்தில லைனருக்கெண்டு தனியா ஒரு கயிறு இருக்கும், சனம் அதைத்தான் மறக்கிறது. போடுற முறையைக் கேள். சொக்ஸில ஒரு சுருக்கமும் இல்லாமல் நீவி விடு. ஒரே ஒரு சோடி போதும். ரெண்டு சோடி போட்டா சூடு எண்டு நினைக்காதை, அது சுருண்டு அமத்தி ரத்தத்தைத்தான் மறிக்கும். நாக்கை நேராக்கி, காலை உள்ள விட்டு, குதியை நிலத்தில ரெண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்கு இருத்து. முதல்ல லைனர்க் கயிறு, அதை இழுத்துப் பூட்டு. பேந்து உள்பட்டி டயல். கடைசியா வெளி டயல், எழும்பி நிண்டு முழங்காலை மடக்கிக்கொண்டு திருப்பு; இருந்துகொண்டு இறுக்கினதை எழும்பினவுடன திருப்பி இறுக்க வேண்டி வரும். ரெண்டு ஓட்டம் சறுக்கினாப் பிறகு இன்னொருக்காப் பார், கால் சூடாக உள்ள இடம் மாறும். லிஃப்டில இருக்கேக்க வெளி டயலை இளக்கி விடு. டயலில இருக்கிற நல்ல குணமே அதுதான், இழுத்தா இளகும், மேல போய் அமத்தித் திருப்பலாம். உங்கட பக்கத்து லேக்றிட்ஜில நீங்கள் சறுக்கிற நேரத்தைவிட லிஃப்டில இருக்கிற நேரம்தான் கூட, அவ்வளவு நேரமும் கால் மூச்சு விடட்டும்.

லைனரைச் சூடாக்கிக் காலுக்கு அச்சுப் பிடிக்கிற வசதி கனகடையில இருக்கு. சப்பாத்து அங்க வாங்கினா அனேகமாச் சும்மா செய்து தருவினம். கேக்காட்டித் தராயினம். வளையிற கடுமைக்கு ஒண்டிலயிருந்து பத்து வரை நம்பர் போட்டிருப்பினம். நீ மூண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில எடு. பத்து எல்லாம் மலையில இருந்து குதிக்கிற பெடியளுக்கு.

பிள்ளையளுக்கு இவ்வளவு யோசிக்காதை. இளையவளுக்கு ஒற்றை டயல் போதும், தானே போட்டுக் கழட்டுவாள், நீ ஐஸில முழங்காலில நிக்கத் தேவையில்லை. ஆனா காசு குடுத்து வாங்காதை, சீசன் முழுக்க வாடகைக்குத் தாற கடைகள் உங்கட பக்கம் இருக்கு, கால் வளர அடுத்த வருசம் வேற எடுக்கலாம். "வளருவாள்தானே" எண்டு ரெண்டு அளவு பெரிசா மட்டும் எடுத்துப் போடாதை. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அம்மா எங்களுக்குச் செய்தது இதுக்குச் சரிவராது.

மூத்தவன் வீடியோவில பாத்திட்டு பட்டி இல்லாமல் மிதிச்சவுடன கிளிக் எண்டு பூட்டுற சாமான் கேக்கிறான் எண்டாய். பேர்ட்டனின்ர ஸ்டெப் ஒன். 2017இல கடைக்கு வந்தது. நல்ல சாமான், குனிஞ்சு பட்டி கட்டத் தேவையில்லை, உனக்குமே பின்னுக்கு யோசிக்கலாம். ஆனா அதுக்குப் பொருந்திற சப்பாத்தும், சப்பாத்தைப் பலகையோட பூட்டுற அதுக்குரிய பைண்டிங்கும் சேர்த்து வாங்க வேணும், வாடகைப் பலகையில இருக்கிற பட்டிப் பைண்டிங்கில அந்தச் சப்பாத்தின்ர உபயோகம் பாதிதான். அவனுக்கு ஆசை அடுத்த மாரிவரை இருந்தா அப்ப கதைப்பம். எதை வாங்கினாலும் சப்பாத்து முதல், பைண்டிங் பிறகு, பலகை கடைசி. சப்பாத்தின்ர நீளத்தை வச்சுத்தான் பலகையின்ர அகலம். பலகை ஒடுக்கமா இருந்தா திரும்பேக்க சப்பாத்து நுனி பனியில உரசி விழுத்தும்.

சறுக்கிட்டு வந்தா லைனரை வெளியில எடுத்து அறைச் சூட்டில காய விடு. ஹீற்றருக்கு மேல வைக்காதை, நுரையும் பசையும் பழுதாகும். பற்றுச்சீட்டைப் பத்திரமா வை. வெளியில போட முதல் வீட்டுக்குள்ள போட்டுக்கொண்டு ஒரு படம் பார். எந்த இடத்தில நோகுதோ அதைக் குறிச்சுக்கொண்டு, திருப்பிக் குடுக்கிற தவணைக்குள்ள கடைக்குப் போ.

நத்தாருக்கு இங்க வரேக்க சப்பாத்தைக் கையோட கொண்டுவா, பலகை நான் ஒழுங்கு பண்ணுறன். முதல் நாள் 88 ஒலிம்பிக் நடந்த கனடா ஒலிம்பிக் பார்க்குக்குப் போவம், வீட்டில இருந்து கிட்ட, சரிவும் சின்னன். கால் பழகினாப் பிறகு சன்சைனுக்குப் போகலாம். அம்மா கொண்டோலாவில ஏறி மேல வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கலாம், ஆனா அவவின்ர கண் ஒப்பரேசன் திகதி எப்ப எண்டு நீ இன்னும் சொல்லயில்லை. அதைக் கேட்டு அறிவி, பாத்துத்தான் அத்தான் ரிக்கெற் போடுவார். அம்மாவுக்கு மாசிக் கருவாடு அரைக்கிலோ வச்சிருக்கிறன், நீங்கள் வரேக்க தாறன்.

அன்புடன்,
அக்கா